தளர்ந்த உடலும் ஈரலைத் தாக்கும் ஒட்டுண்ணிகளும்

பேராதனைப் பூந்தோட்டத்தை வளைத்து மகாவலி கங்கை ஓடுகின்றது. அத்தோட்டத்துக்கு வெளியே வீட்டு வளவுகளில் நிற்கும் மாமரங்களையும் பலா மரங்களையும் அண்ணாந்து பார்த்தவர்கள், அவற்றின் கிளைகளில் புல்லுருவி பற்றியிருப்பதைக் கண்டிருப்பார்கள். மழை குறைவின்றிப் பெய்யும் காலத்தில் மரமும் தழைக்கின்றது, புல்லுருவியும் தழைக்கின்றது. இரண்டுக்கும் பகை இருப்பதாகவே தோன்றாது. ஆனால், நீண்ட வரட்சி வந்து மரம் வாடும்பொழுது, புல்லுருவி பற்றிய கிளையே முதலிற் பட்டுப்போகின்றது. அது மரத்தில் ஏறியது வரட்சியின்போதன்று, அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே. வரட்சி அதை வெளிக்காட்டியது, அவ்வளவே.

மனித உடலிலும் இத்தகைய குடியிருப்பாளர்கள் உண்டு. அவற்றையே ஒட்டுண்ணிகள் என்கிறோம். உடலின் காவல் வலுவாக இருக்குமளவும் அவை அடங்கியிருக்கும், அல்லது சிறு தொல்லையோடு அமையும். அந்தக் காவல் தளர்ந்த நாளில் அவை எழுந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். அப்பொழுது அவை பெரிதும் நாடிச் செல்லும் உறுப்புகளுள் ஈரல் ஒன்று. இதனை நேயர்கள் அறிந்திருப்பது நன்று. ஏனெனில், முன்னரே ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், ஒரு சிறு பரிசோதனை செய்யப்பட்டிருந்தால், தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவற்றிற் பல.

முதலில் ஈரலின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ 1½ கிலோகிராம் நிறையுடையது. நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 1½ லீற்றர் குருதி அதனூடாகப் பாய்கின்றது. இக்குருதியில் முக்காற்பங்கு இருதயத்திலிருந்து நேரே வருவதன்று. குடலிலே உணவுச் சத்தை ஏற்றுக்கொண்டு, ஈரல்வாயினாளம் என்னும் பெருங்குழாய் வழியாக வருவது. ஊர்ச் சந்தைக்கு வரும் பண்டமெல்லாம் ஒரே வாயிலால் வருவதுபோல, குடலில் உறிஞ்சப்படும் பொருள்களிற் பெரும்பாலானவை இவ்வாயிலாலேயே ஈரலை அடைகின்றன. பண்டத்தோடு கள்ளனும் வரலாம் அன்றோ? ஆகவே இயற்கை அங்கே காவலரை நிறுத்தியிருக்கின்றது. ஈரலின் நுண்ணிய குருதி வழிகளின் ஓரத்தில் நின்று, வரும் கிருமிகளைப் பிடித்து விழுங்கும் அக்கலங்களை 1876ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் கார்ல் வொன் குப்ஃபர் விவரித்தார். அவர் பெயராலேயே அவை குப்ஃபர் கலங்கள் என வழங்குகின்றன.

இக்காவலர் மட்டும் போதார். அவர்களைத் தட்டியெழுப்பவும், யாரைப் பிடிப்பதென்று அடையாளம் காட்டவும் வெண்குழியங்கள் வேண்டும், அவை சுரக்கும் செய்திப் பொருள்கள் வேண்டும், பிறபொருளெதிரிகள் வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்த ஏற்பாட்டையே நிர்ப்பீடனம் என்பர். இந்த ஏற்பாடு பல காரணங்களால் தளரும். எச்.ஐ.வி. கிருமி அதனை அழிக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் அதனை ஒடுக்கும். சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டவருக்கு, புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கும் பொருட்டு, வைத்தியர்களே வேண்டுமென்று அதனைத் தணித்து வைப்பர். போசாக்கின்மையும் கட்டுப்படாத நீரிழிவும் மிதமிஞ்சிய மதுவும் அதனைச் சிறுகச் சிறுக அரிக்கும். பரவலாக உள்ள காரணம் மற்றொன்றும் உண்டு. அது ஸ்டெரோயிட் மாத்திரை. மூட்டு வாதத்துக்கும் தொய்வுக்கும் தோல் நோய்க்கும் அருமருந்தாக விளங்குவது. 1950ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இவ்வகை மருந்தின் ஆய்வுக்கே அளிக்கப்பட்டது. அது செய்யும் நன்மை பெரிது. காவலரை உறங்கச் செய்வதும் அதே மருந்துதான்.

இனி, மூன்று ஒட்டுண்ணிகளை எடுத்து, அவை தளர்ந்த உடலில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, அமீபா. குளத்து நீரிலே காணப்படும் தீங்கற்ற அமீபாவன்று. மனிதக் குடலில் வாழும் என்டமீபா ஹிஸ்டோலிற்றிக்கா என்பது. இதன் பிற்பகுதிப் பெயருக்கு 'இழையத்தைக் கரைப்பது' என்று பொருள். 1875இல் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் லோஷ் என்னும் வைத்தியர் வயிற்றுளைவு நோயாளி ஒருவரின் மலத்தில் இத்தகைய அமீபாவைக் கண்டு எழுதினார். 1883இல் எகிப்தில் ஆராய்ந்த றொபேட் கொக், பெருங்குடற் புண்களில் மட்டுமன்றி, ஈரற் சீழ்க்கட்டியின் ஓரத்திலும் அதனைக் கண்டார். குடலுக்கும் ஈரலுக்கும் இடையேயுள்ள தொடர்பு அன்றே தெளிவாயிற்று.

இந்த அமீபா மலத்தோடு வெளியேறும்போது தன்னைச் சுற்றி உறுதியான கூடு ஒன்றை அமைத்துக்கொள்கின்றது. கூட்டினுள் இருப்பது ஈர மண்ணிலும் நீரிலும் பல நாள் உயிரோடிருக்கும். குழாய் நீருக்கு இடும் சாதாரண அளவு குளோரின் அதனை எளிதிற் கொல்லாது. கொதிக்கவைத்தால் இறந்துவிடும். மாசுபட்ட நீரோடோ, கழுவாத கீரையோடோ, சமைப்பவரின் கையோடோ அது வயிற்றை அடைந்து, குடலிலே கூட்டைவிட்டு வெளிப்படுகின்றது. தொற்றுண்டவர்களுட் பெரும்பாலோருக்கு நோயே தோன்றாது. சிலருக்கே அது குடற்சுவரைக் கரைத்துப் புண்ணாக்கி, வாயினாளத்துட் புகுந்து, ஈரலை அடையும். பெரும்பாலும் ஈரலின் வலப்புறத்தே அது தங்கும். அங்கே ஈரற் கலங்களையும், எதிர்க்க வரும் வெண்குழியங்களையும் கொன்று கரைத்து, செங்கபில நிறக் குழம்பு நிறைந்த கட்டி ஒன்றை உண்டாக்குகின்றது.

இந்நோய் நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது நெடுங்காலமாக அறியப்பட்டது. அங்கு நடைபெற்ற அண்மைக்கால ஆய்வுகளில், இரத்தப் பரிசோதனையாலும் சீழில் உள்ள மரபணுவாலும் இந்த அமீபாவே காரணமென உறுதிசெய்யப்பட்டது. நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். பெரும்பாலும் பனங்கள் அருந்துவோர். உலகெங்கும் ஈரற் சீழ்க்கட்டி பெண்களைவிட ஆண்களுக்குப் பன்மடங்கு மிகுதியாக வருவது உண்மையே. ஆயினும் மது ஈரலைத் தளர்த்தி, அதன் காவலரையும் தளர்த்துகின்றது என்பதை இந்நோயாளிகளின் நிலை நினைவூட்டுகின்றது. எச்.ஐ.வி. தொற்றியோரிடையே இந்நோய் எழுவதைத் தாய்வான், யப்பான், கொரியா ஆகிய நாடுகளின் வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர்.

அறிகுறிகள் யாவை? குளிரோடு காய்ச்சல், வலப்புற விலாவின் கீழ் நோவு, சிலவேளை வலத்தோளுக்குப் பரவும் நோவு, பசியின்மை, மெலிவு. வயிற்றோட்டம் இருந்தே தீரும் என்று எண்ணிவிடலாகாது. ஈரற் கட்டி தோன்றும்போது பெரும்பாலோருக்கு வயிற்றோட்டம் இராது. மலத்தைப் பரிசோதித்தாலும் அமீபா பெரும்பாலும் அகப்படாது. கண் மஞ்சளிப்பதும் அரிது. ஆகையால் 'இது மலேரியாவோ, நெஞ்சுச் சளியோ' என்று நாட்கள் கழிந்துவிடும். கட்டி உடைந்து நெஞ்சறைக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ கொட்டினால் ஆபத்து மிகப் பெரிது. நுண்ணொலிப் படமும் இரத்தப் பரிசோதனையும் இன்று இதனை விரைவிற் காட்டித்தருகின்றன.

மருந்தின் வரலாறும் சுவையானது. 1912இல் கல்கத்தாவில் லெனாட் றோஜர்ஸ், இப்பிக்காக்குவானா என்னும் மூலிகையின் சத்தான எமற்றீனை ஊசி மூலம் செலுத்தி, அதுவரை கத்தியையே நம்பியிருந்த நோயாளிகளைக் காப்பாற்றினார். ஆனால், அம்மருந்து இருதயத்தைத் தாக்கும் இயல்புடையது. 1966இல் மெட்ரோனிடசோல் இந்நோய்க்குப் பயன்படும் என்று காட்டப்பட்டபின் நிலைமை மாறியது. இன்று காலத்தோடு வந்தவர் மிகப் பெரும்பாலும் பிழைக்கின்றார். ஒன்று மட்டும் மறக்கலாகாது. ஈரலைக் குணமாக்கிய மருந்து குடலில் எஞ்சியிருக்கும் கூடுகளை முற்றாக அழிப்பதில்லை. அதற்கென்று இரண்டாவது மருந்து ஒன்றை வைத்தியர் தருவார். நோவு தீர்ந்ததென்று அதனை விட்டுவிடுபவர் நோயின் விதையை வயிற்றில் வைத்துக்கொண்டே வீடு திரும்புகின்றார்.

தளர்ந்த உடலின் கதை இங்கேதான் கூர்மையடைகின்றது. அமீபாவால் வரும் பெருங்குடற் புண், வேறு காரணத்தால் வரும் நாட்பட்ட குடல் அழற்சியைப்போலவே தோன்றக்கூடும். பின்னையதற்கு ஸ்டெரோயிட் நல்ல மருந்து. முன்னையதற்கு அதுவே நஞ்சு. அமீபா இருப்பதை அறியாமல் ஸ்டெரோயிட் கொடுக்கப்பட்டு, குடல் துளைபட்டும் ஈரலுக்குப் பரவியும் உயிரிழந்தோர் பல நாட்டு மருத்துவ ஏடுகளிலும் குறிக்கப்பட்டுள்ளனர். இதனாலேயே, வெப்ப நாடுகளில் அம்மருந்தைத் தொடங்குமுன் அமீபா இல்லையென்று உறுதிசெய்க என வைத்திய மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர்.

இரண்டாவது ஒட்டுண்ணி ஒரு புழு. ஸ்ட்ரோங்கிலோயிடிஸ் எனப்படும் இந்த நூற்புழு கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியது. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமே உடையது. 1876இல், கொச்சின் சீனாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சுப் படைவீரரின் மலத்தில் நோர்மன் என்னும் வைத்தியர் இதனைக் கண்டார். மாசுபட்ட ஈர மண்ணில் வாழும் இதன் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. குருதியோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலை அடைந்து அங்கே பெண் புழுவாக வளர்கின்றது. ஆண் துணையின்றியே முட்டையிடுகின்றது. தேயிலைத் தோட்டங்களில் நன்கு அறியப்பட்ட கொழுக்கிப் புழுவும் கால் வழியாகவே வருகின்றது. ஆனால், இரண்டுக்கும் பெரிய வேறுபாடொன்று உண்டு. கொழுக்கிப் புழுவின் முட்டை மண்ணுக்குப் போயே பொரிக்கவேண்டும். புதிதாகத் தொற்றாவிடில் சில ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடும். நூற்புழுவின் முட்டையோ குடலிலேயே பொரிக்கின்றது. குடம்பிகளிற் சில வெளியேறாமல் அங்கேயே முதிர்ந்து, குடற்சுவரைத் துளைத்து, அதே உடலை மீண்டும் தொற்றுகின்றன. ஆகவே மனிதன் இருக்குமளவும் புழுவும் இருக்கும்.

இது வெறும் ஊகமன்று. இரண்டாம் உலகப் போரில், 1942-43 ஆண்டுகளில், யப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இட்ட ரயிற்பாதையில் போர்க் கைதிகள் வதைபட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரம் பேரும் அதே சேற்றில் நின்றே உழைத்தனர், மாண்டனர். அங்கிருந்து உயிர்தப்பித் தம் நாடு சென்ற கைதிகளுட் சிலரின் உடலில், அச்சேற்றை விட்டு 50 ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்த நூற்புழு உயிரோடிருப்பதை வைத்தியர்கள் கண்டுபிடித்தனர். அரை நூற்றாண்டு காலம் அது பெரிய தீங்கெதுவும் செய்யாது வாழ்ந்திருந்தது.

அவ்வாறு வாழும் ஒருவருக்கு, தொய்வுக்கென்றோ வாதத்துக்கென்றோ, அல்லது மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தைக் காக்கவென்றோ ஸ்டெரோயிட் கொடுக்கப்பட்டால் என்ன நிகழும்? அதுவரை அடக்கி வைத்திருந்த காவல் நீங்குகின்றது. குடம்பிகள் ஆயிரக்கணக்கிற் பெருகி, குடலைத் துளைத்து, வாயினாளத்தால் ஈரலுக்கும், பின்னர் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றுக்கும் பரவுகின்றன. செல்லும்போது குடலின் பற்றீரியாக்களையும் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. ஆகவே குருதி நஞ்சாகின்றது. மூளையுறை அழற்சி தோன்றுகின்றது. சிகிச்சையின்றேல் இந்நிலை ஏறக்குறைய மரணமே. இன்னுமொரு தந்திரம்: புழு நோயைக் காட்டித்தரும் இயோசினோபில் எனும் வெண்குழியங்கள் சாதாரணமாக மிகும். ஸ்டெரோயிட் உண்பவரிடத்தில் அவையும் குறைந்துவிடுவதால், வைத்தியரின் கண்ணுக்கு அடையாளம் மறைந்துபோகின்றது.

உலகில் 30 கோடி முதல் 60 கோடி மக்கள் வரை இப்புழுவைச் சுமப்பதாகக் கணிக்கப்படுகின்றது. மருந்து இல்லாமலில்லை. ஐவர்மெக்டின் என்பதே அது. அதன் கண்டுபிடிப்பாளர்கள் கம்பெல், ஒமுரா ஆகிய இருவரும் 2015இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஸ்டெரோயிட்டைத் தொடங்குமுன் கொடுக்கும் சில மாத்திரைகள், பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் போராடியும் பெறமுடியாத பயனை எளிதிற் தருகின்றன. 2020இல் கொவிட் நோயாளிகளுக்கு ஸ்டெரோயிட் பரவலாகக் கொடுக்கப்பட்டபோது, இப்புழு உள்ள நாடுகளின் மக்களுக்கு முன்னெச்சரிக்கை வேண்டுமென்று மருத்துவ அறிஞர்கள் நினைவூட்டியதும் இதனாலேயே.

மூன்றாவது ஒட்டுண்ணி முன்னைய இரண்டினும் விந்தையானது. அது காவலரை வெல்வதில்லை. காவலரின் உள்ளேயே குடியேறுகின்றது. மணல் ஈ கடிப்பதால் உடலில் நுழையும் லெய்ஷ்மானியா, தன்னை விழுங்கிய கலத்தினுள்ளே செரிபடாமல் வாழ்ந்து பெருகுகின்றது. ஈரலில் அதன் உறைவிடம் நாம் முன்னே கூறிய குப்ஃபர் கலங்களே. ஈரலும் மண்ணீரலும் வீங்கி, நெடுங்காய்ச்சலோடு மனிதன் உருகும் அந்நோயே காலா அசார். 1903ஆம் ஆண்டில், சென்னை அரசினர் பொது மருத்துவமனையிற் பணியாற்றிய சாள்ஸ் டொனவன் இதன் கிருமியைக் கண்டார். சிறிது முன்னதாக லெய்ஷ்மன் என்பவர் இங்கிலாந்தில் அதனைக் கண்டிருந்தார். ஆகவே இருவர் பெயரும் இணைந்து லெய்ஷ்மானியா டொனவனி என்று அது பெயர்பெற்றது.

அதே இனக் கிருமி இலங்கையிலும் உண்டு. ஆயினும் இங்குள்ள வகை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. 1992இல் இந்நாட்டிலேயே தொற்றிய முதலாவது நோயாளி அறிவிக்கப்பட்டார். அதன்பின் நோவில்லாத, ஆறாத தோற்புண்ணாக இது பல மாவட்டங்களிற் பரவியுள்ளது. உள்ளுறுப்புகளைத் தாக்கிய நோயாளிகள் மிகச் சிலரே. எனினும் எச்.ஐ.வி. தொற்றியவரிடத்தில் இக்கிருமி எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைப் பிற நாடுகள் காட்டியுள்ளன: மருந்தால் தணிந்த காலா அசார் அவரிடம் மீண்டும் மீண்டும் தலைதூக்குகின்றது. ஆகையால், ஆறாத தோற்புண் உள்ளவர், நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் மருந்து உண்பவராகவும் இருப்பின், அதனை அலட்சியம் செய்யலாகாது.

இவ்வளவும் கேட்ட நேயர்கள் அஞ்சவேண்டியதில்லை. அறிந்து நடந்தாற் போதும். பேராதனையில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மருத்துவ பீடமும், அதன் ஒட்டுண்ணியியற் பகுதியும், அயலிலுள்ள போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. கண்டி தேசிய வைத்தியசாலையிலே சிறுநீரகம் மாற்றிப் பொருத்தும் சிகிச்சை நடைபெற்று வருகின்றது. வடமத்திய மாகாணத்து வயல்களிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் நோயாளர் இம்மலைநாட்டுக்கு வருகின்றனர். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு உழைத்தவருக்கு இத்தகைய சிகிச்சை வாய்க்கும்போது, அவருடைய பழைய வாழ்வின் சுவடுகளும் கூடவே வருகின்றன. அவற்றை வைத்தியருக்குச் சொல்லவேண்டியவர் நோயாளியும் அவர் குடும்பத்தினருமே.

ஆகவே சில சொற்கள் மட்டும். ஸ்டெரோயிட் மாத்திரையை வைத்தியரின் எழுத்தின்றி வாங்கி உண்ணாதீர். அயலவருக்குச் சுகம் தந்தது என்று அவருடைய மாத்திரையை வாங்கி விழுங்காதீர். என்ன சேர்க்கப்பட்டதென்று தெரியாத 'வாதத் தூளை' நம்பாதீர். அம்மருந்து வேண்டுமென்று வைத்தியரே கூறினால், 'ஐயா, நான் பல ஆண்டுகள் சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்தவன், புழுவுக்குப் பார்க்கவேண்டுமா?' என்று பணிவோடு கேளுங்கள். ஏற்கெனவே நீண்டநாள் அம்மருந்தை உண்பவர், இவ்வுரையைக் கேட்டு அஞ்சி அதனைச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. அதுவும் உயிருக்கு ஆபத்து. வைத்தியரிடமே செல்லவேண்டும். உறுப்பைப் பெறுபவரைப்போலவே கொடுப்பவரும் புழுவுக்காகச் சோதிக்கப்படுவது நன்று. கொடுக்கப்பட்ட சிறுநீரகத்தோடு குடம்பிகள் சென்றதும் உண்டு.

நிர்ப்பீடனம் தளர்ந்தவர் உள்ள வீட்டில் நீரைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும். வல்லாரைச் சம்பலின் சுவை நாவை இழுத்தாலும், அவருக்குக் கீரையைச் சமைத்தே கொடுக்கவேண்டும். மலசலகூடத்துக்குச் சென்றபின்னும் சமைக்குமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவும் பழக்கம் வீட்டார் அனைவருக்கும் வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டும். காய்ச்சலோடு வலப்புற விலாவில் நோவு கண்டால், கள்ளோ சாராயமோ அருந்துபவராயின் அதனையும் மறைக்காமல், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வெட்கத்தால் மறைத்த செய்தி ஈரலின் உட்கட்டியைக் கரைப்பதில்லை.

தோட்ட லயங்களுக்கு நல்ல நீரும் ஒழுங்கான மலசலகூடமும் அமைப்பது தனிமனிதர் வேலையன்று, சமுதாயத்தின் கடமை. அக்கடமை நிறைவேறும் நாளில் இம்மூன்றனுள் முதலிரண்டும் பெரும்பாலும் மறைந்துபோகும். மரத்தில் புல்லுருவி இருப்பதை வரட்சி வந்தபின் அறிவதிற் பயனில்லை. மழைக்காலத்திலேயே கிளையைப் பார்க்கின்றவனே நல்ல தோட்டக்காரன்.